ரயில் பாதை வேலைக்கு சைட் விசிட்: முப்பது குத்தகையாளர்களை எப்படிக் கூட்டிப்போவது?

ரயிலடி வீடு

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். ஈப்போவில் ஒரு கன்சல்டன்ட் அலுவலகத்தில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கமே, ரயில் பாதை ஓரமாக, ஓர் அரசாங்க வேலை டெண்டருக்கு வருகிறது. தண்டவாளத்துக்கு அடியில் தண்ணீர் போகும் மூன்று கல்வெர்ட்டுகளைப் பெரிதாக்க வேண்டும், சரிந்துகொண்டே இருக்கும் ஒரு கரையைக் கட்ட வேண்டும், அப்புறம் கொஞ்ச தூரத்துக்கு வேலி. விலை போட வருகிற குத்தகையாளர்களுக்கு, அதாவது கான்ட்ராக்டர்களுக்கு, லாவாத்தான் தாப்பாக் (வேலை இடத்தைக் காட்டும் சைட் விசிட்) ஏற்பாடு செய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எந்த வேலை, எத்தனையாவது கிலோமீட்டர் என்பதெல்லாம் இங்கே எழுத முடியாது, புரிந்துகொள்வீர்கள்.

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு வேறோர் இடத்தில் நடந்த விசிட்டுக்கு உதவிக்குப் போயிருந்தேன். ஸ்டேஷன் கார் நிறுத்தும் இடத்தில் நாற்பது பேர் கூடினார்கள், நல்ல வெயில். பொறுப்பில் இருந்தவர் வரைபடத்தைக் காடியின் முன்பக்கத்தில் விரித்து, அதோ அந்தச் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) பின்னால்தான் என்று கையைக் காட்டினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், பசியாறப் போய்விட்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வேலை கிடைத்தவர் கிரேனைக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் தோட்டத்து ரோட்டு வளைவில் அது திரும்பாது என்று தெரிந்தது. அதன் பிறகு அந்த வேலை எத்தனை மாதம் இழுத்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இந்தத் தடவை நடுக் கல்வெர்ட் என் அம்மா வீட்டுக்குப் பின்பக்கம் என்றே சொல்லலாம். பெரிய மழை பெய்தால் தோட்டத்துத் தண்ணீர் ரயில் கரையில் மோதி, வடிய வழியில்லாமல் எங்கள் தாமானுக்குள் (குடியிருப்பு) ஏறிவிடும். அம்மா அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில் மேல் வைப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். இந்த வேலை சரியானவர் கையில், சரியான விலையில் போக வேண்டும். இடத்தைப் பார்க்காமல் போட்ட விலை எப்படியும் பாதியில் வந்து நிற்கும்.

முப்பது நிறுவனங்களாவது வரும் என்று எதிர்பார்க்கிறோம். ஓடுகிற ரயில் பாதை, மேலே மின்கம்பி, சுற்றிலும் தனியார் தோட்டம். இத்தனை பேரை ஒரே காலையில் எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவது? யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? நின்ற இடத்திலேயே கேள்வி கேட்டால் பதில் சொல்லலாமா? லேட்டாக வருகிறவரை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜி4 குத்தகை

தங்கச்சி, இந்தப் பக்கம் இருந்து பேசுகிறேன், நான் விலை போடுகிறவன். பதினைந்து வருடத்தில் நூறு விசிட்டுக்குக் குறையாமல் போயிருப்பேன். உருப்படியாக நடந்தது என்று சொன்னால் ஒரு கை விரல் போதும்.

நீங்கள் சொன்ன கிரேன் கதை எனக்கும் நடந்தது. ஒரு பெட்டிக் கல்வெர்ட் வேலை. ரோட்டு மேம்பாலத்தில் நிற்க வைத்து மேலேயிருந்து காட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது, கீழே சமதரை, பக்கத்திலேயே செம்மண் ரோடு. விலை போட்டேன், கிடைத்தது. அந்தச் செம்மண் ரோட்டில் நடுவே ஒரு ஓடை, அதன் மேல் பலகை போட்ட தோட்டத்துப் பாலம். பழக்குலை ஏற்றும் டிராக்டருக்காகப் போட்ட பாலம் அது, பிரிகாஸ்ட் பெட்டி (முன்பே வார்த்த கான்கிரீட்) ஏற்றிய டிரெய்லருக்கு இல்லை. தற்காலிகமாகக் குழாய் போட்டு, மண் கொட்டி, நானே ஒரு வழி செய்தேன். அந்த வேலையில் எனக்கு வந்திருக்க வேண்டிய லாபம் முழுக்க அந்த ஓடைக்குள் போய்விட்டது. கேட்டதற்கு, விசிட்டுக்கு வந்தீர்களே, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார்கள். டெண்டர் பத்திரத்திலும் அப்படித்தான் இருக்கும், இடத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துதான் விலை போட்டதாக நாங்களே ஒப்புக்கொள்கிறோம். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. ஆனால் மேம்பாலத்தில் இருந்து எந்தப் பலகை தெரியும்?

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். வேலை நடக்கும் இடத்தைவிட, வேலைக்குப் போகிற வழியைக் காட்டுங்கள். லோரி எந்த ரோட்டில் வருமோ அதே ரோட்டில் எங்களைக் கூட்டிப்போங்கள். ஸ்டேஷன் பக்கம் இருந்து நடந்தால் கிட்டே என்று குறுக்கு வழியில் கொண்டுபோனால் நாங்கள் ஒன்றுமே பார்த்திருக்க மாட்டோம். எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும், கம்பியும் சிமெண்டும் இறக்கி வைக்க எவ்வளவு இடம், தோண்டிய மண்ணை எங்கே கொட்டலாம், ராத்திரியில் மட்டும்தான் வேலை செய்ய விடுவார்களா, ஒரு ராத்திரிக்கு எத்தனை மணி நேரம். ரயில் பாதை வேலையில் விலையே அந்த மணி நேரத்தில்தான் இருக்கிறது. இரண்டு ரயிலுக்கு நடுவில் மூன்று மணி நேரம் கிடைத்தால், சாமான் ஏற்றி இறக்கவும் பாதையைத் திருப்பிக் கொடுக்கத் துப்புரவு செய்யவும் போக, கையில் நிற்பது ஒன்றரை மணி நேரம்கூட இருக்காது. சாதாரண ரோட்டு வேலை செய்து பழகியவனுக்கு இது புரியாது. எட்டு மணி நேரக் கணக்கில் விலை போட்டுவிட்டு, பிறகு பாதியில் ஓடிவிடுவான்.

வரைபடத்தை விசிட் அன்றைக்குக் கையில் திணிக்காதீர்கள், இரண்டு நாள் முன்னாலேயே கொடுங்கள். படித்துவிட்டு வந்தால்தான் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

பழைய கேங்

மகளே, நான் ரயில்வேயில் கேங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பாவும் அதே வேலைதான். நம் பேராக்கில்தான் 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இந்த நாட்டின் முதல் ரயில் ஓடியது. அன்றிலிருந்து இந்தப் பாதைகளில் கல் போட்டதும் கட்டை மாற்றியதும் பெரும்பாலும் நம் ஆட்கள். அந்த உரிமையில் சொல்கிறேன், முப்பது பேரைக் கூட்டமாகத் தண்டவாளப் பக்கம் கொண்டுபோகாதே.

எங்கள் காலத்தில் டீசல் எஞ்சின். ஒரு மைல் தூரத்திலேயே சத்தம் கேட்கும், தண்டவாளத்தில் அதிர்வு தெரியும், சாவகாசமாக ஒதுங்கி நிற்போம். இப்போது ஓடும் ஈடிஎஸ் மின்சார ரயில் அப்படி இல்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் போகும். அப்படியென்றால் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 39 மீட்டர். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் பக்கத்தில் வரும்வரை சத்தமே தெரியாது. நீ வரைபடத்தைக் குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் அரைக் கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கும். இரட்டைத் தண்டவாளம் வேறு. ஒரு ரயில் போய் முடிந்ததும் எல்லாரும் பெருமூச்சு விட்டு முன்னால் நகர்வார்கள், அதே நேரத்தில் எதிர்ப் பாதையில் இன்னொன்று வரும். நான் பயந்ததெல்லாம் அந்த இரண்டாவது ரயிலுக்குத்தான்.

மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டும் என்றே இல்லை, கிட்டே நெருங்கினாலே பாய்ந்துவிடும். குடை கொண்டுவரக் கூடாது என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுது. வெயிலோ மழையோ நம் ஆட்கள் முதலில் விரிப்பது குடையைத்தான். சர்வே ஆட்கள் கொண்டுவரும் நீளமான அலுமினியக் கோல், ஏணி, எதுவும் வேண்டாம். இரும்பு அளவு நாடாவும் வேண்டாம். ஆர்வத்தில் ஒருவர் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதுக்கு நாடாவைக் குறுக்கே வைத்து அளப்பார். டிராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் மின்சாரம் விட்டு ரயில் இருப்பதை அறியும் அமைப்பு) இருக்கும் இடத்தில் அப்படி வைத்தால், அங்கே ரயில் நிற்பதாகவே சிக்னலுக்குத் தெரியும், சிவப்பு விழுந்துவிடும். துணி நாடாவோ மர அளவுகோலோ போதும்.

வேலிக்கு உள்ளே போக வேண்டும் என்றால் ரயில்வேயிடம் முறைப்படி அனுமதி வாங்கி, அவர்கள் தரும் பாதுகாப்பு ஆளோடுதான் போக வேண்டும். அனுமதி இல்லாமல் பாதைக்குள் நுழைவதே குற்றம். ஆனால் நீ சொல்கிற வேலையில் பெரும்பகுதியை வேலிக்கு வெளியே நின்றே பார்த்துவிடலாம். கல்வெர்ட்டின் இரண்டு வாயும் வெளியேதானே இருக்கும். சரிந்த கரையையும் கீழே இருந்து பார்ப்பதுதான் நல்லது. மேலே போய்ப் பார்த்தே ஆக வேண்டிய இடம் ஒன்றோ இரண்டோ இருந்தால், அதற்கு மட்டும் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, இரண்டு பக்கமும் கொடி ஆள் நிற்க, ஒதுங்கி நிற்கும் இடத்தை முதலிலேயே காட்டிவிட்டுக் கூட்டிப்போ. உள்ளே போகும்போது தலையை எண்ணு, வெளியே வரும்போதும் எண்ணு. ஒரு ஆள் குறைந்தால் அங்கேயே நில்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரட்டைத் தண்டவாளம் போட்டபோது (ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர்) பல இடங்களில் பாதையை நேராக்கினார்கள். பழைய கரை தோட்டத்துக்குள் அப்படியே கிடக்கும் இடங்கள் உண்டு, மேலே புல்லும் மட்டையும் மூடி ஒரு மேடு மாதிரி தெரியும். உன் இடத்திலும் அப்படி இருக்கிறதா என்று முதலில் நடந்து பார். இருந்தால் தண்ணீர் முதலில் அந்தப் பழைய மேட்டில்தான் தேங்கும், அது உடைத்துக்கொண்டு வரும்போதுதான் உன் கல்வெர்ட்டுக்கு ஒரே நேரத்தில் பாரம் விழும். வரைபடத்தில் அது ஒரு மெல்லிய கோடாகத்தான் இருக்கும். குத்தகைக்காரர்களை அந்த மேட்டில் ஏற்றி நிறுத்து. கல்வெர்ட் சுவரில் பழைய வெள்ளக் கறை எங்கே இருக்கிறது என்று வெள்ளைப் பெயிண்டில் குறி போட்டு வை.

கியூஎஸ் அக்கா

நான் கணக்குப் பக்கம், டெண்டர் பத்திரம் தயாரிப்பதும் திறந்த பிறகு சரிபார்ப்பதும் என் வேலை. மேலே இருவரும் சொன்னது நிலத்தைப் பற்றி. நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் விசிட் நன்றாக நடந்தும் காகிதம் சரியில்லாமல் முழு டெண்டரையும் திரும்ப அழைத்த கதையை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் தேதி. உள்நாட்டு டெண்டருக்குக் குறைந்தது 21 நாள் கொடுக்க வேண்டும் என்பது அரசாங்க விதி. விசிட்டை முதல் வாரத்திலேயே வை. பத்தாவது நாளில் வைத்தால், அவர்கள் பார்த்து, சப்ளையரிடம் விலை கேட்டு, கேள்வி எழுதி அனுப்பி, நீங்கள் பதில் கொடுப்பதற்குள் நாள் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகை நேரத்துக்குள் முடிக்க அவசரப்படுவீர்கள். பள்ளி விடுமுறை தொடங்கும் நாளும் வேண்டாம், நெடுஞ்சாலை நிரம்பி வழியும்.

விசிட் கட்டாயமா இல்லையா என்பது விளம்பரத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும். உலக வங்கிக் கடன் வேலைகளின் மாதிரிப் பத்திரத்தில், டெண்டருக்கு முந்திய கூட்டத்துக்கு வராதது மட்டுமே ஒருவரைத் தள்ளக் காரணமாகாது என்று இருக்கும். நம் நாட்டு அரசாங்க வேலைகளில் பெரும்பாலும் வந்தே ஆக வேண்டும், அதிலும் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) சான்றிதழில் பெயர் இருப்பவரே வர வேண்டும், அசல் சான்றிதழோடு. மாமன் மகனை அனுப்பிவிட்டு, வேலை செய்கிற பையனை அனுப்பிவிட்டு, வாசலில் நின்று சண்டை போடுவார்கள். அந்த வரியை விளம்பரத்தில் தடித்த எழுத்தில் போடச் சொல். நேரம் தாண்டி வருகிறவரையும் சேர்க்காதே.

கேள்விகள். இதில் உறுதியாக இரு. நின்ற இடத்தில் யார் என்ன கேட்டாலும், எழுத்தில் அனுப்புங்கள், பதில் எல்லாருக்கும் போகும் என்று மட்டும் சொல். பக்கத்தில் நிற்கிறவர் அன்பாகத்தான் கேட்பார், உனக்கும் பதில் தெரிந்திருக்கும், சொன்னால் என்ன என்று தோன்றும். ஆனால் முதல் குழுவுக்குச் சொன்ன வார்த்தை மூன்றாவது குழுவுக்குப் போகாது. ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத ஒரு வரி போதும், தோற்றவர் எழுதும் புகார்க் கடிதத்தில் அதுதான் முதல் பத்தியாக இருக்கும். வந்த கேள்விகளை யார் கேட்டது என்று காட்டாமல் தொகுத்து, பதிலோடு சேர்த்து அடெண்டமாக (டெண்டர் பத்திரத்தின் பிற்சேர்க்கை) எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். நீ வாயால் விளக்க வேண்டியதையும் இரண்டு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று குழுவுக்கும் அதையே வாசி. படித்துக் காட்டுவது சங்கடமாக இருக்கலாம், பரவாயில்லை.

வருகைப் பதிவுக்கு நீளமான ஒரே தாளைச் சுற்றி அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடைசியில் கையெழுத்துப் போடுகிறவருக்கு முப்பது போட்டியாளர்களின் பெயரும் போன் நம்பரும் கையில் கிடைத்துவிடும். விலை பேசிவைத்துக்கொள்வதை 2010-ஆம் வருடப் போட்டிச் சட்டம் தடை செய்கிறது, அதற்கு நாமே வழி செய்து கொடுக்கக் கூடாது. ஆளுக்கொரு தனிப் படிவம் கொடு. ஒரே இடத்தில் கூடினால் முகம் தெரியத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது, ஆனால் பட்டியலை நாம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் டிவிஷன்

வணக்கம் சகோதரி. நான் செம்பனைத் தோட்டத்தில் கண்டக்டர், வேலையை மேற்பார்வை பார்ப்பவன். ரயில் பாதை எங்கள் டிவிஷன் ஓரத்தில்தான் போகிறது. எங்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

கேட்டில் இருக்கும் ஜாகாவிடம் (காவலாளி) சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மேனேஜருக்குக் கடிதம் எழுதுங்கள், எத்தனை காடி, எத்தனை பேர், எந்த ரோடு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று. காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் கலைந்து போகும் நேரத்தில் வந்தால் ரோட்டில் மோட்டார் சைக்கிளும் டிராக்டருமாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் நல்லது. ஒரு கட்டத்தில் பழம் வெட்டினால் பத்து, பதினைந்து நாள் கழித்துத்தான் திரும்ப அந்தக் கட்டத்துக்கு வருவோம், அந்தக் கணக்கு எங்களிடம் இருக்கும். எங்கள் பக்கம் வெட்டு இல்லாத நாளாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டு நாளில் குலை ஏற்றிய லோரியை முப்பது கார் மறித்து நின்றால் எங்களுக்கு நஷ்டம், பழம் 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போயாக வேண்டும். ஆட்களுக்கும் ஆபத்து. உயரமான மரத்தில் குலை விழும்போது கீழே வேடிக்கை பார்த்துக்கொண்டு யாரும் நிற்கக் கூடாது.

ஐயா அலுமினியக் கோலைப் பற்றிச் சொன்னார், அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் குலை வெட்டும் கோலும் அதேதான். மின்கம்பியில் பட்டு ஆள் போன சோகம் தோட்டங்களில் உண்டு. ரயில் கம்பி ஓரத்து வரிசையில் வெட்டுகிறவர்களுக்கு நாங்கள் தனியாகப் பாடம் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

காரை எல்லாம் கோயில் திடலில் நிறுத்தச் சொல்லுங்கள். கோயில் கமிட்டியிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேளுங்கள், விசேஷ நாள் இல்லை என்றால் தருவார்கள். அங்கிருந்து நான்கு ஹைலக்ஸ் பிக்கப் வண்டி வாடகைக்கு எடுத்து ஏற்றிப்போங்கள். மழைக்குப் பிறகு செம்மண் ரோட்டில் சின்னக் கார் போகாது. பூட்ஸ் கட்டாயம், பாம்பு இருக்கும், மட்டை அடுக்கி வைத்திருக்கும் வரிசை மேல் ஏறி நடக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் இடத்துக்கு மேல்பக்கம் உள்ள தோட்டத்தில் மறுநடவு எப்போது என்று கேட்டுப் பாருங்கள். பழைய மரத்தைச் சாய்த்து நிலம் வெறுமனே கிடக்கும் மாதங்களில் மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு கீழேதான் வரும். கல்வெர்ட் வேலை நடக்கிற அதே நேரத்தில் மறுநடவும் வந்தால், தினமும் சேறு வாருவதே ஒரு தனி வேலை.

ஜி4 குத்தகை

கண்டக்டர் தம்பி சொன்ன இந்த மறுநடவு விஷயத்தை இதுவரை எந்த விசிட்டிலும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. இது தெரிந்தால் நான் போடும் விலையே வேறு.

கியூஎஸ் அக்காவிடம் ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து. லேட்டாக வருகிறவனைத் தள்ளுவது சரிதான், ஆனால் எங்கே வர வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டுத் தள்ளுங்கள். தோட்டத்து ஊரில் கூகுள் மேப் ஒரு கேட்டைக் காட்டும், அது பூட்டிக் கிடக்கும், சுற்றி வர நாற்பது நிமிடம். ஜொகூரில் இருந்து ராத்திரியே கிளம்பி வந்தவன் அப்படி நின்று திரும்பிப் போனதை நான் பார்த்தேன், அழாத குறை. மெயின் ரோட்டில் ஒரு பலகை, திருப்பத்தில் ஒரு பலகை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

கியூஎஸ் அக்கா

பலகைக்கு நானும் கைதூக்குகிறேன். நேரத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருவருக்காகப் பத்து நிமிடம் திறந்தால், அந்தப் பத்து நிமிடம் யாருக்காக என்று கேள்வி வரும். எந்தக் கடிகாரம் என்பதையும் எழுதிவிடு, பதிவு மேசையில் வைத்திருக்கும் கடிகாரம்தான் கணக்கு என்று.

ரயிலடி வீடு (மூன்று வாரம் கழித்து)

அக்கா, அண்ணே, ஐயா, எல்லாருக்கும் நன்றி. போன செவ்வாய்க்கிழமை விசிட் முடிந்தது, என்ன நடந்தது என்று எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நானும் சக ஊழியர் ஒருவரும் இரண்டு நாள் நடந்து பார்த்தோம். ஐயா சொன்ன பழைய கரை இருக்கிறது. முதல் கல்வெர்ட்டில் இருந்து கொஞ்சம் தள்ளி, மட்டைக்கு அடியில். கல்லைக் கிளறினால் பழைய ஜல்லி. இத்தனை வருடம் அந்தப் பக்கம் விளையாடியிருக்கிறேன், அது ஒரு மேடு என்றுதான் நினைத்தேன்.

31 நிறுவனங்கள் வந்தன. இரண்டு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவர் சான்றிதழில் பெயர் இல்லாதவர், இன்னொருவர் எட்டு நிமிடம் லேட். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் மூன்று இடத்தில் பலகை வைத்திருந்தோம் என்பதால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. மூன்று குழு, ஒரே பாதை, வாசித்துக் காட்டியதும் அதே இரண்டு பக்க விளக்கம். கோயில் திடலில் இருந்து லோரி ரோடு வழியாகவே சுற்றிப் போனோம், குறுக்கே நடந்தால் எட்டு நிமிடத்தில் போகிற இடத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. நடுவில் தோட்டத்துப் பாலத்தில் எல்லாரையும் இறக்கி, காலியான ஹைலக்ஸை மட்டும் முதலில் ஓட்டச் சொன்னேன். பலகை கிறீச்சிடும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. உடனே பத்துப் பேர் குனிந்து அடியில் இருக்கும் இரும்புத் துலாவைப் படம் எடுத்தார்கள். அந்தப் பாலத்தைப் பற்றி மட்டும் பதினொரு கேள்வி எழுத்தில் வந்திருக்கிறது. எத்தனை டன் தாங்கும் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி, ராத்திரியில் பாதை கிடைக்கும் மணி நேரத்தை ரயில்வேயிடம் கேட்டு வாங்கி, மறுநடவுத் தேதியையும் சேர்த்து, நேற்று அடெண்டம் எல்லாருக்கும் போய்விட்டது.

வேலிக்கு உள்ளே கரையின் மேல் ஒரே இடத்துக்கு மட்டும் போனோம், ரயில்வே ஆட்களோடு. இரண்டாவது குழு நிற்கும்போது தெற்கே ஒரு ஈடிஎஸ் போனது. ஒருவர் முன்னால் காலெடுத்து வைத்தார், கொடி ஆள் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். வடக்கே போகிற ரயில் அடுத்த நொடியே வந்தது. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை, இறங்கும்போது அவர்களே ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டார்கள். ஐயா, அந்த நேரத்தில் உங்களைத்தான் நினைத்தேன்.

நடுக் கல்வெர்ட்டில் ஒரு பெரியவர், வேட்டி கட்டினால் எங்கள் தாத்தா மாதிரியே இருப்பார், மடக்கும் மர அளவுகோலோடு வந்திருந்தார். வெள்ளைக் குறியிலிருந்து கல்வெர்ட் மேல்விளிம்பு வரை அளந்தார், பிறகு திரும்பி என் அம்மா வீட்டுப் பின்சுவரில் இருக்கும் கறையைப் பார்த்தார், அதையும் அளக்கலாமா என்று கேட்டார். அளக்கலாம், மற்றவர்களும் அளக்கலாம் என்று சொல்லி எல்லாரையும் கூட்டிப்போனேன், மற்ற இரண்டு குழுவையும் அப்படியே. அம்மா வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும், இது போன நவம்பர், அது அதற்கு முந்தியது என்று விரலை வைத்துக் காட்டினார்.

அக்கா கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அம்மா சொன்னதையும் எழுதி அடெண்டத்தில் சேர்த்திருக்கிறோம், வீட்டு எண் இல்லாமல், உயரமும் மாதமும் மட்டும். நேற்று சாயங்காலம் நல்ல மழை. கல்வெர்ட் வாயில் தண்ணீர் குறிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. அளவுகோலை வைத்துப் படம் எடுத்திருக்கிறேன், தேதியோடு அடுத்த அடெண்டத்தில் போகும்.